ரெண்டு வலது கைகள், ரெண்டு தேர்தல்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கதை ஒரு ஆஸ்பத்திரியில ஆரம்பிக்குது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், பேட்டில் க்ரீக்னு ஒரு ஊர். நீங்க காலையில் பால் ஊத்திச் சாப்பிடுற கார்ன்ஃப்ளேக்ஸ் இருக்கே, அது பிறந்த ஊர். கெல்லாக் குடும்பத்து டாக்டர் ஒருத்தர் அங்கே பெரிய சானடோரியம் நடத்திட்டிருந்தார். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அந்தக் கட்டடத்தை ராணுவம் வாங்கி, பெர்சி ஜோன்ஸ் ராணுவ மருத்துவமனைன்னு மாத்திடுச்சு. கை போனவங்க, கால் போனவங்க, நரம்பு செத்துப்போனவங்கன்னு ஆயிரக்கணக்கான பையன்கள் அங்கே கிடந்தாங்க. பையன்கள்னுதான் சொல்லணும், பெரும்பாலும் இருபது இருபத்திரண்டு வயசு.

அதில் ஒருத்தர் பாப் டோல். கான்சாஸ் மாநிலத்தில் ரஸ்ஸல்னு ஒரு சின்ன ஊர்க்காரர். இன்னொருத்தர் டேனியல் இனோயே. ஹவாயில் பிறந்து வளர்ந்தவர், ஜப்பானிய வம்சாவளி. ரெண்டு பேருமே இத்தாலியில் அடிபட்டவங்க. டோலுக்கு 1945 ஏப்ரல் 14-ம் தேதி, இனோயேவுக்கு ஏப்ரல் 21-ம் தேதி. ஒரே வாரம்தான் வித்தியாசம். ரெண்டு பேருக்குமே வலது கைதான் போச்சு. இத்தாலியில் ஜெர்மன் படை சரணடைஞ்சது மே 2-ம் தேதி. இன்னும் மூணு வாரம் தள்ளியிருந்தா ரெண்டு பேரும் முழு உடம்போட வீட்டுக்குப் போயிருப்பாங்க.

ஆஸ்பத்திரியில் நேரம் போகலைன்னா சீட்டாட்டம். பிரிட்ஜ். அப்ப ஒருநாள் இனோயே, "இனிமே என்ன பண்ணப் போற?"ன்னு டோல்கிட்ட கேட்டிருக்கார். டோல்கிட்ட பதில் ரெடியா இருந்துச்சு. சட்டம் படிப்பேன், எங்க மாவட்டத்தில் அரசு வழக்கறிஞர் ஆவேன், அப்புறம் மாநில சட்டமன்றம், அப்புறம் ஒரு இடம் காலியானா காங்கிரஸ். இனோயே வயசான காலத்தில் இதைப் பல மேடையில் சொல்லியிருக்கார்: "நல்ல திட்டமா இருக்கே, நாமளும் இதையே பண்ணிடலாம்னு தோணுச்சு"ன்னு.

இன்னைக்கு நான் பேசப்போறது அந்தத் திட்டத்தின் நடுப் படியைப் பத்தி. மாநில சட்டமன்றம். போரில் இருந்து திரும்பி வந்த ஒருத்தர் தன் ஊரில் எம்.எல்.ஏ. தேர்தலுக்கு நிக்கும்போது என்னத்தைக் காட்டி ஓட்டுக் கேக்குறார்? ரெண்டு பேருக்கும் ஒரே காயம். ஆனா அந்தக் காயத்துக்குக் கிடைச்ச அர்த்தம் ஒண்ணு இல்ல.

டோல் கதையை முதலில் சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா அது நேர்க்கோட்டுக் கதை.

அவருக்கு வலது தோள் நொறுங்கி, முதுகெலும்பிலும் அடி. கொஞ்ச காலம் கை கால் எதுவுமே அசையல. ஒரு சிறுநீரகத்தை எடுத்துட்டாங்க. பிழைப்பாரான்னே சந்தேகம். மேல ஆபரேஷனுக்குச் சிகாகோவில் ஒரு டாக்டர் கிடைச்சார், ஹாம்பர் கெலிகியன்னு பேர், அவரே ஆர்மீனியாவில் இருந்து அகதியா வந்தவர். தன் ஃபீஸ் வேண்டாம்னுட்டார். ஆனா ஆஸ்பத்திரிச் செலவு இருக்குல்ல? ரஸ்ஸல் ஊர்க்காரங்க ஒரு மருந்துக் கடையில் சுருட்டுப் பெட்டி ஒண்ணை வெச்சு உண்டியல் மாதிரி வசூல் பண்ணாங்க. சில்லறையும் நோட்டுமா 1,800 டாலர் சேர்ந்துச்சு. அந்தப் பெட்டியை டோல் கடைசி வரைக்கும் பத்திரமா வெச்சிருந்தார்.

இப்ப சொல்லுங்க, இந்த மனுஷன் அதே ஊரில் 1950-ல் ஓட்டுக் கேட்டு வந்தா யார் மாட்டேன்னு சொல்லுவாங்க? அப்ப அவர் டொபீகாவில் சட்டம் படிச்சிட்டிருந்தார். டொபீகாதான் கான்சாஸ் தலைநகரம், சட்டமன்றமும் அங்கேதான். அந்த ஊர் சட்டமன்றம் அப்ப கொஞ்ச காலம்தான் கூடும். அதனால மாணவரா இருந்துக்கிட்டே உறுப்பினரா இருக்கலாம். குடியரசுக் கட்சி சார்பில் நின்னார், ஜெயிச்சார். ஏன் அந்தக் கட்சின்னா, கவுண்டியில் அந்தக் கட்சிக்காரங்கதான் ரெண்டு மடங்கு அதிகம்னு அவரே பின்னாடி ஜோக் அடிப்பார். ரெண்டு வருஷம் உறுப்பினர், அதுக்கப்புறம்தான் கவுண்டி அரசு வழக்கறிஞர். ஆஸ்பத்திரியில் போட்ட திட்டத்தில் வரிசை மட்டும் மாறிடுச்சு.

டோல் தன் கையைப் பத்திப் பேச வேண்டிய அவசியமே வரல. யாரும் குலுக்க வராம இருக்கணும்னு வலது கையில் எப்பவும் ஒரு பேனாவைப் பிடிச்சிருப்பார், அவ்வளவுதான். ஊருக்குத் தெரியும். அவர் எந்த நாட்டுக்காரர்னு யாருக்கும் சந்தேகம் இல்ல.

சரி, இப்ப ஹவாய் போவோம்.

இனோயேவோட தாத்தா ஜப்பானில் இருந்து வந்ததே ஒரு கடனுக்காகத்தான். அவங்க வீட்டில் பிடிச்ச தீ பக்கத்து வீடுகளுக்கும் பரவிடுச்சு. நஷ்டஈடு 400 டாலர். அதை அடைக்க 1899-ல் ஹவாய் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா வந்தார். கடன் அடைய பல வருஷம் ஆச்சு, குடும்பம் அங்கேயே தங்கிடுச்சு. தோட்டத்தில் குதிரை மேல உக்கார்ந்து வேலை வாங்குற மேற்பார்வைக்காரனுக்கு அங்கே 'லூனா'ன்னு பேர். நம்ம பாஷையில் கங்காணி. இலங்கை, மலேயா தோட்டக் கதைகளை உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது சொல்லியிருந்தா, ஹவாய் கதை உங்களுக்குப் புதுசா இருக்காது.

ஹவாய் அப்ப மாநிலம் இல்ல. டெரிட்டரி. நம்ம புதுச்சேரி மாதிரின்னு வெச்சுக்கோங்க. சட்டமன்றம் உண்டு, மக்கள் ஓட்டுப் போடுவாங்க, ஆனா ஆளுநரை வாஷிங்டனில் இருந்து ஜனாதிபதி நியமிப்பார். புதுச்சேரியில் முதல்வராவது இருக்கார், அங்கே அதுவும் இல்ல. நிஜமான அதிகாரம் அஞ்சு கம்பெனிகள்கிட்ட. 'பிக் ஃபைவ்'னு சொல்வாங்க. கரும்புல ஆரம்பிச்சு கப்பல் வரைக்கும் அவங்க கை படாத தொழில் குறைவு. டெரிட்டரி உருவான 1900-ல் இருந்து அரை நூற்றாண்டு, சட்டமன்றம் பெரும்பாலும் அவங்களுக்கு வேண்டிய குடியரசுக் கட்சி கையில்தான் இருந்துச்சு.

இதில் இன்னொரு விஷயம் முக்கியம். ஜப்பானில் இருந்து வந்த முதல் தலைமுறைக்கு அமெரிக்கக் குடியுரிமையே கிடைக்காது. சட்டமே அப்படி. எத்தனை வருஷம் உழைச்சாலும் சரி, ஓட்டு கிடையாது. 1948-ல் மலையகத் தமிழர்களோட குடியுரிமையை இலங்கைச் சட்டம் பறிச்சது ஞாபகம் வருதா? ஒரே மாதிரி இல்லதான், ஆனா உழைப்பு வேணும், ஓட்டு வேண்டாம்ங்கிற கணக்கு ரெண்டிலும் இருக்கு. ஹவாயில் பிறந்த பிள்ளைகள், அதாவது இனோயே தலைமுறை, பிறப்பால் குடிமக்கள். அப்பா வெளிநாட்டுக்காரர், பையன் அமெரிக்கன், ஒரே வீடு.

1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர். இனோயேவுக்கு 17 வயசு. செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி கத்துக்கிட்டவர், குண்டு விழுந்த அன்னைக்கே அடிபட்டவங்களைத் தூக்க ஓடினார். ஆனா கொஞ்ச நாளில் அவரை மாதிரிப் பையன்களை ராணுவம் 'எதிரி நாட்டவர்'ங்கிற வகையில் போட்டு, படையில் சேரத் தகுதி இல்லைன்னுடுச்சு. பெருநிலத்தில் ஏறக்குறைய 1,20,000 ஜப்பானிய வம்சாவளி மக்களை முகாம்களில் அடைச்சாங்க. ஹவாயில் அது முடியல. மக்கள்தொகையில் மூணில் ஒரு பங்குக்கு மேல அவங்கதான், எல்லாரையும் அடைச்சா வேலை பார்க்க ஆள் ஏது? அதுக்குப் பதிலா ராணுவச் சட்டம் போட்டாங்க.

1943-ல் ராணுவம் மனசு மாறுச்சு. ஜப்பானிய வம்சாவளியை மட்டும் வெச்சு 442-வது படைப்பிரிவு. ஹவாயில் இருந்து 1,500 பேர் போதும்னு கேட்டாங்க. ஏறக்குறைய 10,000 பேர் வந்து நின்னாங்க. ஏன் இவ்வளவு பேர்னு யோசிக்கும்போது எனக்குத் தோணுறது, அது வெறும் தேசபக்தி மட்டும் இல்ல. வேற எந்த வழியில் நிரூபிக்க முடியும்? படையோட முழக்கம் 'கோ ஃபார் ப்ரோக்'. சூதாட்டப் பேச்சு அது. கையில் இருக்குறது அத்தனையும் வெச்சு ஆடுறதுன்னு அர்த்தம்.

1945 ஏப்ரல் 21. வட இத்தாலியில் ஒரு மலை முகடு. லெஃப்டினன்ட் இனோயே வயித்துல குண்டு பாய்ஞ்ச பிறகும் முன்னாடி போயிட்டிருக்கார். வலது கையில் ஊசி கழட்டின கையெறி குண்டு. வீசுறதுக்கு முன்னாடி எதிரி விட்ட குண்டு ஒண்ணு அந்த முழங்கையைப் பிய்ச்சுடுச்சு. கை தொங்குது, விரல்கள் இன்னும் அந்தக் குண்டை இறுக்கிப் பிடிச்சிருக்கு. தன்னோட ஆட்களை விலகிப் போகச் சொல்லிட்டு, இடது கையால் அந்த விரல்களைப் பிரிச்சு, குண்டை எடுத்து வீசினார். இதை நான் முதல்முறை படிச்சப்போ ஃபோனைக் கீழ வெச்சுட்டேன்.

அவருக்கு டாக்டர் ஆகணும்னு ஆசை, அதுவும் சர்ஜன். அந்த ஆசை அங்கேயே முடிஞ்சுபோச்சு.

வீட்டுக்குத் திரும்புற வழியில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் முடி வெட்டிக்க ஒரு கடைக்குள் போனார். ராணுவச் சீருடை, நெஞ்சில் பதக்கங்கள், சட்டையோட வலது கைப்பகுதி காலி. கடைக்காரன், நீ சீனனா ஜப்பானான்னு விசாரிச்சான். அப்பா அம்மா ஜப்பானியர், நான் அமெரிக்கன்னு பதில் சொன்னார். ஜப்பான்காரனுக்கு இங்கே முடி வெட்ட மாட்டோம்னு அனுப்பிட்டான். கான்சாஸில் சுருட்டுப் பெட்டி, இங்கே இது.

போர் முடிஞ்சு வந்த இந்தப் பையன்களுக்கு அரசாங்கம் ஒண்ணு உருப்படியாச் செஞ்சது. 1944-ல் வந்த ஜி.ஐ. பில். திரும்பி வந்த வீரர்களோட கல்லூரிச் செலவை அரசே ஏத்துக்கும். கரும்புத் தோட்டத்துப் பேரன்கள் நூற்றுக்கணக்கில் பட்டம் வாங்கினாங்க, சட்டம் படிச்சாங்க. இனோயே ஹவாய் பல்கலைக்கழகம், அப்புறம் வாஷிங்டனில் சட்டப் படிப்பு, திரும்பி வந்து ஹோனலூலுவில் துணை அரசு வழக்கறிஞர். பதக்கத்தைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, என்னைக் கேட்டா இந்த ஸ்காலர்ஷிப்தான் அரசியலை மாத்துச்சு. பதக்கம் போட்ட தோட்டத் தொழிலாளியைக் கம்பெனி சமாளிச்சிருக்கும். பதக்கமும் சட்டப் பட்டமும் சேர்ந்து வந்தா கஷ்டம்.

அவங்களை ஒண்ணு சேர்த்தவர் ஜான் பர்ன்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர். ஹோனலூலு போலீஸ்ல கேப்டனா இருந்தவர். போர்க்காலத்தில் ஜப்பானிய சமூகத்தைக் கண்காணிக்கப் போட்ட ஆள், அவங்க விசுவாசமானவங்கன்னு திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தார். போருக்கப்புறம் இந்த முன்னாள் வீரர்கள்கிட்ட வந்து, ஜனநாயகக் கட்சியை நாமளே கட்டுவோம்னார். கட்சி அப்ப கிட்டத்தட்ட காலி வீடு. ஒரு பக்கம் 442 சங்கத்து ஆட்கள், இன்னொரு பக்கம் ஐ.எல்.டபிள்யூ.யூ. தொழிற்சங்கம். 1946-ல் கரும்புத் தோட்ட வேலைநிறுத்தம் நடத்திக் கம்பெனிகளை இறங்கி வரவெச்ச சங்கம் அது. 1949-ல் துறைமுகத்தை ஏறக்குறைய ஆறு மாசம் நிறுத்தினவங்க.

1954 தேர்தல். இனோயேவுக்கு வயசு 30. டெரிட்டரி சட்டமன்றத்தின் கீழவைக்கு நின்னார். ஓவாஹு தீவில் நாலாவது தொகுதி, குடியரசுக் கட்சிக்குப் பழக்கமான இடம். நண்பர்கள் வீடு வீடாப் போனாங்க. அந்த வீடுகளில் ஒரு விசேஷம் இருந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி, 1952-ல் வந்த குடியுரிமைச் சட்டம்தான் ஜப்பானில் இருந்து வந்தவங்களுக்கு முதல் தடவையா கதவைத் திறந்துச்சு. அம்பது வருஷம் தோட்டத்தில் உழைச்ச தாத்தா பாட்டிகள் வயசான காலத்தில் குடிமக்களாகி, வாழ்க்கையில் முதல் ஓட்டைப் போடத் தயாரா இருந்தாங்க. ஓட்டுக் கேட்டு வர்றவன் அவங்க தெருவில் ஓடி விளையாடின பையன்.

எதிர்த்தரப்பு எடுத்த ஆயுதம் ஒண்ணே ஒண்ணு. கம்யூனிஸ்ட். அமெரிக்கா முழுக்க அந்தப் பயம் உச்சத்தில் இருந்த காலம். முந்தின வருஷம்தான் ஹவாயில் தொழிற்சங்கத் தலைவர் ஜாக் ஹால் உட்பட ஏழு பேருக்குக் கம்யூனிச வழக்கில் தண்டனை ஆகியிருந்துச்சு. பின்னாடி 1958-ல் அது ரத்தாச்சு, ஆனா 1954-ல் யாருக்கு அது தெரியும்? சங்கத்தோட ஆதரவு வாங்குற கட்சி, அப்போ இவங்களும் சிவப்புதான்னு பிரச்சாரம்.

ஒரு கூட்டத்தில் இதைக் கேட்டு இனோயே கொதிச்சுப்போனார். எழுதிக் கொண்டுவந்த பேச்சைக் கசக்கிப் போட்டார். சுதந்திரத்துக்காகச் சண்டை போட்டுத் திரும்பினவங்களைக் கம்யூனிஸ்ட்னு சொல்றதைத் தவிர இவங்ககிட்ட வேற ஒண்ணுமே இல்லையான்னு கேட்டார். காலியாத் தொங்குற வலது சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். இந்தக் கையை ஃபாசிஸ்ட்டுகளை எதிர்த்துக் கொடுத்தேன், கம்யூனிஸ்ட்டுகளை எதிர்க்க நாடு இன்னொரு கையைக் கேட்டாலும் தர்றேன்னார்.

அவ்வளவுதான், கூட்டம் அவர் கையில்.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிக்கணும். அவரே பின்னாடி எழுதியிருக்கார், அதுக்கு முன்னாடி அந்த ஊனத்தை மேடையில் காட்டினதே இல்லைன்னு. காரணம், கை இழந்தது ஒரு பதவிக்கான தகுதின்னு அவர் நினைக்கல. கோபத்தில் அன்னைக்குக் காட்டிட்டார். அந்தக் கோபம் எனக்குப் புரியுது. நான் அந்த இடத்தில் இருந்தாலும் தூக்கியிருப்பேன். ஆனாலும் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு. ஒருத்தனைக் கம்யூனிஸ்ட்னு சொன்னா, இருந்தா என்ன தப்பு, சங்கம் கேக்குற கூலி நியாயமா இல்லையான்னு திருப்பிக் கேக்கலாம். அதை 1954-ல் கேக்க முடியல. உடம்பைக் காட்டித்தான் வாயை அடைக்க முடிஞ்சுது. அப்போ ரெண்டு கையோட திரும்பி வந்தவன் எதைத் தூக்கிக் காட்டுவான்? போருக்கே போகாம முகாமில் கிடந்தவன்? முகாமில் அடைச்சு வெச்சுக்கிட்டே விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டப்போ, முடியாதுன்னு சொன்ன பையன்களும் இருந்தாங்க. அவங்களை அவங்க சமூகமே பல வருஷம் ஒதுக்கி வெச்சது. டோலை யாரும் நீ அமெரிக்கனான்னு கேக்கல. இனோயே ஒவ்வொரு தடவையும் நிரூபிக்க வேண்டியிருந்துச்சு, அதுக்கு அவர்கிட்ட ஒரு காலிச் சட்டைக் கை இருந்துச்சு.

தேர்தல் முடிவு: கீழவையில் 30-ல் 22 இடம் ஜனநாயகக் கட்சிக்கு. மேலவையிலும் பெரும்பான்மை. ஹவாய் வரலாற்றில் இதை 1954 புரட்சின்னே சொல்றாங்க. ஜெயிச்சவங்களில் ஜப்பானிய வம்சாவளி முன்னாள் வீரர்கள் நிறைய. வேடிக்கை என்னன்னா, இவங்களையெல்லாம் சேர்த்த ஜான் பர்ன்ஸ், வாஷிங்டன் பிரதிநிதி இடத்துக்கு நின்னு ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோத்துட்டார்.

இனோயே முதல் தடவை உறுப்பினரான உடனேயே அவையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஆனார். வரி, கல்வின்னு மசோதாக்கள் வரிசையா வந்துச்சு. ஆளுநர் சாமுவேல் வைல்டர் கிங் பலதையும் வீட்டோ பண்ணார். மக்கள் ஓட்டுல ஜெயிச்ச அவை ஒரு பக்கம், நியமிச்சு வந்த ஆளுநர் ஒரு பக்கம். இந்தச் சண்டை எப்படி இருக்கும்னு நமக்கு விளக்க வேண்டியதில்லை. கிங்கும் கடற்படையில் இருந்து ரிட்டயர் ஆனவர்தான்ங்கிறதையும் சொல்லிடுறேன், முன்னாள் வீரர்னா எல்லாரும் ஒரே பக்கம் நிப்பாங்கன்னு நினைச்சுடக் கூடாது. கொள்கை வேற, உடுப்பு வேற.

1959 ஆகஸ்டில் ஹவாய் மாநிலம் ஆச்சு. அதன் முதல் காங்கிரஸ் உறுப்பினர் இனோயே. பதவிப் பிரமாணம் எடுக்கும்போது சபாநாயகர் வழக்கமான வாசகத்தைச் சொன்னார், வலது கையை உயர்த்துங்கன்னு. இவர் இடது கையை உயர்த்தினார். சபை ஒரு நிமிஷம் அமைதியாயிடுச்சுன்னு அங்கே இருந்த ஒரு உறுப்பினர் பின்னாடி சொல்லியிருக்கார். டோல் அங்கே வந்து சேர்ந்தது 1961-ல். "நான் வந்துட்டேன், நீ எங்கே?"ன்னு இனோயே அவரைக் கிண்டல் பண்ணுவாராம், திட்டம் போட்டவனே லேட்டுன்னு. எதிரெதிர் கட்சி, ஆனா பல வருஷம் ஒரே செனட்டில் இருந்தாங்க. அவங்க கிடந்த அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு இப்ப ஹார்ட்-டோல்-இனோயேன்னு பேர். ஹார்ட்ங்கிறது அங்கேயே சிகிச்சை எடுத்த மூணாவது ஆள், ஃபிலிப் ஹார்ட், அவரும் செனட்டர் ஆனார்.

அந்த மலை முகடுக்காக இனோயேவுக்கு நாட்டின் உச்சப் பதக்கம், மெடல் ஆஃப் ஆனர், கிடைச்சது எப்போ தெரியுமா? 2000-ம் வருஷம் ஜூன். ஆசிய வம்சாவளி வீரர்களோட பழைய கோப்புகளை மறுபடி எடுத்துப் பார்த்தப்போ, மொத்தம் 22 பேருக்குக் கொடுத்தாங்க. பலர் அப்ப உயிரோடயே இல்ல.

இனோயே 2012 டிசம்பர் 17-ல் இறந்தார். உடலைக் கேப்பிடல் கட்டடத்து வட்ட மண்டபத்தில் வெச்சிருந்தாங்க. டோலுக்கு அப்ப 89 வயசு, வீல்சேரில் வந்தார். பெட்டிக்குக் கொஞ்ச தூரம் முன்னாடி நிறுத்தச் சொல்லிட்டார். டேனி என்னை வீல்சேரில் பார்க்கக் கூடாதுன்னு சொல்லி, ஒருத்தர் தாங்கிப் பிடிக்க எழுந்து நடந்தே போனார். பக்கத்தில் நின்னு, இடது கையால் சல்யூட் அடிச்சார்.

இன்னைக்கு இவ்வளவுதான். முகாமில் கையெழுத்துப் போட மறுத்த அந்தப் பையன்கள் கதையை அடுத்த எபிசோடில் தனியாப் பேசலாம்னு இருக்கேன். கேள்வி இருந்தா அனுப்புங்க, பார்க்கலாம்.